தவிட்டின் நிறமும் உயிரின் மலமும்

சைவ சித்தாந்தத்தை நோக்கி எதிரணியினர் வைத்த கேள்விகளில் மிகக் கூர்மையானது மலத்தைப் பற்றியது. பதியாகிய இறைவன், பசுவாகிய உயிர், பாசமாகிய கட்டு மூன்றும் தொடக்கமற்றவை என்கிறது சித்தாந்தம். உயிர் ஒரு காலத்தில் தூயதாக இருந்து பிறகு அழுக்கேறியதன்று. என்றைக்கு உயிர் உண்டோ அன்றைக்கே ஆணவம் என்ற மலமும் உண்டு. அதே சித்தாந்தம்தான், ஆணவம் உயிரின் இயல்பு ஆகாது, திருவருளால் அதன் வலி கெடும், உயிர் விடுதலை பெறும் என்றும் சொல்கிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும்? தொடக்கமே இல்லாமல் ஒன்று ஒரு பொருளோடு கூடியே இருந்தால், அது அந்தப் பொருளின் இயல்பாகத்தான் இருக்க வேண்டும். இயல்பை நீக்கினால் பொருளும் போய்விடும். நீக்க முடியும் என்றால் அது இடையில் வந்து ஒட்டியது. அப்படியானால் அதற்கு முன் தூயதாக இருந்த உயிரை அது ஏன் பற்றியது, விடுதலைக்குப் பிறகு மறுபடியும் பற்றாது என்பதற்கு என்ன உறுதி? இயல்பா, வந்தேறியா, இரண்டில் ஒன்றைச் சொல் என்று நெருக்கும் இந்த வாதத்துக்குச் சித்தாந்தம் தந்த விடைகளில் ஒன்று நெல். 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் சுபக்கம், அரிசியை முளையும் தவிடும் உமியும் மறைத்து நிற்பதுபோல ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலமும் உயிரின் உண்மை வடிவை மறைத்து நிற்கின்றன என்கிறது. தானியங்களின் நிறத்தைப் பற்றிப் பயிர் மரபியல் கண்டறிந்தவற்றை இந்த உவமையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அது வெறும் அணியாக நில்லாமல் வாதமாகவே நிற்கிறது. கூடவே, வெளுத்ததெல்லாம் தூயது என்று அதிலிருந்து நாம் சுலபமாக எடுத்துக்கொள்ளும் பொருள் நிற்காமல் போகிறது.

இதே சிக்கலுக்கு வேறு உவமைகளும் புழக்கத்தில் உண்டு. செம்பருத்திப் பூவின் அருகே வைத்த பளிங்கு சிவந்து தெரியும்; பளிங்கு சிவக்கவில்லை. சாங்கியரும் அத்வைதிகளும் விரும்பிக் கையாண்ட காட்சி இது. இதன்படி கட்டு என்பது தோற்றம். உண்மை தெரிந்ததும் அது இருந்த இடம் தெரியாது. வாதம் நேர்த்தியானதுதான். ஆனால் துன்பப்படுகிறவனின் துன்பத்தையும் தோற்றத்தின் கணக்கில் எழுத வேண்டி வருகிறது. சித்தாந்தமும் பளிங்கை எடுத்தாளும். உயிர் சார்ந்ததன் வண்ணம் ஆகும் என்று காட்டத்தான், மலம் பொய் என்று காட்ட அன்று. சித்தாந்திகள் அடிக்கடி சொல்லும் இன்னோர் உவமை செம்பும் களிம்பும். செம்பு உள்ளவரை களிம்பு ஏறிக்கொண்டே இருக்கும் என்ற அளவில் அது பொருந்தும். ஆனால் காற்றும் ஈரமும் பட்ட பிறகே களிம்பு படிகிறது என்று வேதியியல் தெரிந்தவர் சொல்லிவிடுவார். உடன்பிறப்பு என்பதற்கு அது முழுச் சான்றாகாது. தொடக்கத்திலிருந்தே கூடியிருப்பது, பொய்யாக அல்லாமல் மெய்யாகவே இருப்பது, இருந்தும் அந்தப் பொருளின் இயல்பு ஆகாமல் இருப்பது என்ற மூன்று நிபந்தனையையும் ஒருசேர நிறைவேற்றும் பொருள் உலகில் உண்டா என்பதே கேள்வி. நெல்மணி அந்தத் தேர்வுக்கு வந்து நிற்கிறது.

நெற்பூவைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். உமி என்று நாம் சொல்வது அந்தப் பூவின் இரண்டு செதில்கள். முற்பகலில் அவை சிறிது நேரம் விரிந்து, ஆறு மகரந்தப் பைகளை வெளியே நீட்டி, பிறகு மூடிக்கொள்கின்றன. உள்ளே ஒரே ஒரு சூலகம். மகரந்தத்திலிருந்து வரும் இரண்டு ஆணணுக்களில் ஒன்று முட்டையோடு கூடிக் கருவாகிறது, அதுதான் முளை. மற்றொன்று சூலின் நடுவிலுள்ள இரண்டு உட்கருக்களோடு கூடிக் கருவூணாகிறது; அதுதான் நாம் உண்ணும் அரிசி. இந்த இரட்டைக் கருவுறுதலை ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் 1898இல் அறிவித்தார். இவை இரண்டும் புதிய தலைமுறை. ஆனால் இவற்றைச் சுற்றி நிற்கும் சூலகச் சுவர் புதிய தலைமுறை அன்று. அது தாயின் உடல். பால் பிடித்து மணி முற்றும்போது அந்தச் சுவரே மெலிந்து, விதையுறையோடு ஒட்டி, தவிட்டின் மேலடுக்காகிறது. செந்நெல்லின் சிவப்பு அங்கேதான் இருக்கிறது. புரோஆந்தோசயனிடின் என்ற துவர்ப்புப் பொருள் அந்த மெல்லிய அடுக்கில் சேர்ந்து சிவப்பைத் தருகிறது. உள்ளே இருக்கும் அரிசி, சிவப்பு ரகமானாலும் வெள்ளை ரகமானாலும், வெள்ளைதான். ஆக, மணியின் நிறம் மணிக்குள் இருப்பதன் நிறம் அன்று. உறையின் நிறம் அது. அந்த உறையோ உள்ளே இருப்பது உண்டாகும் முன்பே இருந்தது.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. நெல் இனக்கலப்புச் செய்கிறவர்களுக்கு அன்றாடம் தெரிந்த செய்தி. வெள்ளை ரகத்தின் பூவில் உமியின் நுனியைக் கத்தரித்து, ஆறு மகரந்தப் பைகளையும் எடுத்துவிட்டு, சிவப்பு ரகத்தின் மகரந்தத்தைத் தூவினால் விளையும் மணி வெளுத்தே இருக்கும். உள்ளே இருக்கும் கரு சிவப்புக்கான மரபணுவைத் தந்தையிடமிருந்து பெற்றுவிட்டது. ஆனால் அது போர்த்தியிருக்கும் தோல் வெள்ளைத் தாயினுடையது. அந்த மணியை விதைத்தால் வளரும் பயிரின் மணிகள் அத்தனையும் சிவப்பு. அந்தச் சிவப்பு மணிகளிலோ நான்கில் ஒரு பங்கு, உள்ளே சிவப்பு மரபணு அறவே இல்லாத கருவைக் கொண்டவை. ஒரே கதிரில் அடுத்தடுத்து நிற்கும் மணிகள் ஒரே நிறத்தில் இருக்கின்றன. உள்ளே வெவ்வேறாக இருக்கின்றன. எது எப்படி என்பது அவை முளைத்து வளர்ந்து தம் கதிரை ஈன்ற பிறகுதான் தெரியும். சில பண்புகள் இப்படி ஒரு தலைமுறை தள்ளியே வெளிப்படும் என்பதை 1866இல் வெளியான தம் பட்டாணிக் கட்டுரையிலேயே மெண்டல் கவனித்திருந்தார். விதையின் தோல் தாய்ச்செடிக்கு உரியது என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். ஓர் ஆகஸ்டினியத் துறவி மடத்துத் தோட்டத்தில் கண்ட இந்தச் செய்தியை, நெல்லை உவமையாக்கிய சைவ ஆசாரியர்கள் அறிந்திருக்க வழியில்லை. ஆனால் அவர்களுக்கு வேண்டியிருந்ததைத்தான் நெல் தன்னுள் வைத்திருந்தது.

அந்தத் தேவை என்ன என்று மீண்டும் பார்ப்போம். எதிரணியின் வாதம் இரண்டே வழிகள்தான் உண்டு என்ற நம்பிக்கையில் நிற்கிறது: கூடவே பிறந்தது இயல்பு, இயல்பல்லாதது பின்னால் வந்தது. நெல்மணி மூன்றாவது வழி ஒன்று இருப்பதைக் காட்டுகிறது. உறையில்லாமல் இருந்த காலம் எந்த மணிக்கும் இல்லை. ஆகவே உறை பின்னால் வந்ததன்று. உறையை உள்ளிருக்கும் அரிசி உண்டாக்கவில்லை, உறையின் நிறம் அரிசியில் ஊறவும் இல்லை. ஆகவே உறை அரிசியின் இயல்பும் அன்று. உறையும் அதன் நிறமும் கண்ணின் மயக்கமல்ல. தொட்டால் தட்டுப்படும், நாவில் துவர்க்கும், ஆய்வகத்தில் எடை போடலாம். ஆகவே தோற்றமும் அன்று. உடன்பிறந்தது, மெய்யானது, ஆனால் தன்னுடையதன்று. மலத்தைப் பற்றிச் சித்தாந்தம் சொல்ல விரும்பியது இதையேதான். இரண்டு வழிக்கு மேல் இல்லை என்று சாதிப்பவரை வீழ்த்த மூன்றாவதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டுப் போதும்.

மரபியல் தெரிந்த ஒருவர் இங்கே உடனே மறுப்பார். தாயின் தோல் சிவந்ததற்குக் காரணம் தாயின் மரபணு. அந்தத் தாயும் ஒரு காலத்தில் மணிக்குள் கருவாக இருந்தவள்தான். இன்று மணிக்குள் இருக்கும் கருவிலும் அதே மரபணு இருக்குமானால் நாளை அது தன் மணிகளுக்குச் சிவப்பு உறையைத் தைக்கும். அப்படியானால் நிறத்தின் வேர் உள்ளேதான் இருக்கிறது. உறை வெளியே இருப்பதைக் காட்டி உள்ளிருப்பதைத் தப்பவைக்க முடியாது. இந்த மறுப்பு உண்மையானது. ஆனால் அது சித்தாந்தத்துக்கு எதிராகப் போவதில்லை. வினையைப் பற்றிப் பேசும்போது, இப்போது உடலாக வந்து நுகரப்படுவது வேறு, இனி வரப்போவதற்கு இப்போது ஈட்டப்படுவது வேறு என்று அந்நெறியே பிரித்துச் சொல்கிறது. இந்த மணி போர்த்தியிருப்பது முந்தைய தலைமுறை முடித்துவைத்தது. இந்த மணி சுமப்பது அடுத்த தலைமுறையில் வெளிப்பட இருப்பது. எஞ்சும் கேள்வி, அந்த மரபணுவாவது நெல்லின் இயல்பா என்பதுதான். இயல்பு என்றால் என்ன? எது போனால் பொருள் அந்தப் பொருளாக இராதோ அது இயல்பு. சிவப்பு மரபணு செயலிழந்த பிறகும் நெல் நெல்லாகவே இருக்கிறதா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். அந்தச் சோதனையை வரலாறே நடத்தி முடித்திருக்கிறது.

காட்டு நெல்லின் தவிடு சிவப்பு. அந்தச் சிவப்புக்கு மூலமான மரபணு ஏழாம் குரோமோசோமில் இருக்கிறது, ஆர்.சி. என்பது அதன் பெயர். அது தானே நிறம் உண்டாக்குவதில்லை. நிறம் உண்டாக்கும் மற்ற மரபணுக்களை இயக்கிவிடும் புரதத்தை உண்டாக்குகிறது. முதல் குரோமோசோமிலுள்ள ஆர்.டி. என்ற இன்னொரு மரபணுவும் வேலை செய்தால் நல்ல சிவப்பு. அது இல்லையென்றால் பழுப்புப் புள்ளிகள் மட்டும். ஆர்.சி. செயலிழந்தால் தவிட்டில் சிவப்பே இல்லை. அது எப்படிச் செயலிழந்தது என்பதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சூசன் மெக்கவுச்சின் குழுவினர் 2006இல் வெளியிட்டனர்: அந்த மரபணுவிலிருந்து 14 எழுத்துகள் விழுந்துவிட்டன. மரபணு மும்மூன்று எழுத்துகளாக வாசிக்கப்படுவது. 14 என்பது மூன்றால் வகுபடாத எண்ணாதலால் அந்த இடத்துக்குப் பின்வரும் வாசிப்பு முழுவதும் பிறழ்ந்து, புரதம் பாதியில் நின்றுவிடுகிறது. அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில், அவர்கள் பார்த்த வெள்ளை ரகங்களில் சுமார் 98 விழுக்காட்டில் இதே 14 எழுத்துகள் இல்லை என்று தெரிந்தது. ஜப்போனிகா வகை நெல்லில் ஒருமுறை நேர்ந்த இந்தப் பிறழ்வைப் பழங்கால உழவர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்து, கலப்பின் வழியே இண்டிகா வகைக்கும் கொண்டுசேர்த்திருக்கிறார்கள். அந்த 14 எழுத்துகள் போனதால் நெல் நெல்லாக இல்லாமல் போகவில்லை. ஆகவே சிவப்பு நெல்லின் இயல்பு அன்று. ஆனால் கவனிக்க வேண்டிய மறுபக்கமும் இருக்கிறது: வெண்மையும் நெல்லின் இயல்பு அன்று. நாம் வெண்மை என்று போற்றுவது ஏதோ ஒரு நற்குணம் கூடியதால் வந்ததல்ல. ஒரு மரபணு பேசாமல் போனதால் வந்தது.

இங்கே இரண்டாவது மறுப்பு எழும். உறையின் நிறம்தான் மலத்துக்கு உவமை என்றால், தற்செயலாக 14 எழுத்துகள் விழுந்தவுடன் மலம் போய்விட்டது என்றாகும். அருளும் வேண்டாம், தவமும் வேண்டாம். நல்ல பிறவி வாய்த்தால் போதும். பிறப்பாலேயே தூயவர் என்று ஒரு கூட்டத்தைச் சொல்லிக்கொள்ள இது வழிகாட்டிவிடாதா? நெல் குத்தியவர்கள் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். வெள்ளை ரகத்து நெல்லுக்கும் உமி உண்டு, தவிடு உண்டு, முளை உண்டு. அதையும் உரலில் போட்டுத்தான் குத்த வேண்டும், புடைக்க வேண்டும், தீட்ட வேண்டும். தவிட்டில் நிறம் இல்லை என்பதைத் தவிடே இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. சித்தாந்தத்தின் உவமை உறை மறைப்பதைப் பற்றியது. உறையின் நிறத்தைப் பற்றியதன்று. நிறத்தையும் உறையையும் குழப்பிக்கொள்ளும்போதுதான் வெளுத்துத் தெரிவது கழுவப்பட்டது போலத் தோன்றுகிறது. ஒழுக்கத்திலோ குலத்திலோ கறை தெரியாதவர் மலம் நீங்கியவர் என்று கருதுவது, வெள்ளைத் தவிட்டை அரிசி என்று கருதுவதற்குச் சமம். ஆணவம் கண்ணுக்குத் தெரியாத நிறத்திலும் இருக்கும். தன்னிடம் கறை இல்லை என்ற எண்ணமே அதற்கு வாய்ப்பான நிறம்.

தற்செயலாக வந்த வெண்மை நிலையானதும் அன்று. அமெரிக்க வெள்ளை ரகமான வெல்ஸ் என்ற நெல்லில் திடீரென்று சிவப்பு மணிகள் தலைகாட்டின. காரணம் 2008இல் வெளியானது. முன்பே 14 எழுத்துகளை இழந்திருந்த அந்த மரபணு, அதற்குச் சற்று முன்னால் இன்னும் ஓர் எழுத்தையும் இழந்துவிட்டது. 14உம் 1உம் சேர்ந்து 15, மூன்றால் வகுபடும். பிறழ்ந்திருந்த வாசிப்பு நேராகிவிட்டது, சிவப்பு திரும்பிவிட்டது. போய்விட்டது என்று நினைத்தது போகவில்லை. இடத்திலேயே இருந்துகொண்டு வாய்மூடிக் கிடந்தது. சித்தாந்தம் அறிந்தவர் இதைப் படித்து நிமிர்ந்து உட்காருவார். ஏனென்றால் முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சத்தி மட்டுமே அடங்குகிறது என்பது அவர் கொள்கை. அப்படியென்றால் முத்தி பெற்ற உயிரும் இந்த வெள்ளை நெல்லும் ஒன்றுதானா, அங்கும் ஒருநாள் சிவப்பு திரும்புமா? வேறுபாடு, அடங்கியது எதனால் அடங்கியது என்பதில் இருக்கிறது. ஓர் இழப்பால் அடங்கியது இன்னோர் இழப்பால் எழும். தற்செயலைத் தற்செயலே கவிழ்க்கும். சித்தாந்தம் மலத்தின் அடக்கத்தை எந்த இழப்பின் மேலும் ஏற்றவில்லை. சூரியன் இருக்கும்வரை இருள் அடங்கியிருப்பதுபோல, உயிர் சிவத்தோடு கூடி நிற்பதன் மேல் ஏற்றியது. அதனால்தான் மெய்கண்டாரின் சிவஞான போதம் ஞானம் பெற்ற பிறகும் உயிரைச் சும்மா விடவில்லை. அதன் பன்னிரண்டாம் நூற்பா மலம் கழுவி அடியாரோடு கூடவும், அவர் திருவேடத்தையும் திருக்கோயிலையும் வழிபடவும் சொல்கிறது. கூட்டம் தொடர்வதுதான் அடக்கம் தொடர்வதற்குக் காப்பு.

வெண்மை தூய்மையின் அடையாளமாகச் சமய வழக்கங்களிலும் நிலைபெற்றதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அது எல்லாருக்கும் பொதுவான வழக்கம்கூட அன்று. சரக சங்கிதை நெல்வகைகளில் செந்நெல்லுக்கே முதலிடம் தருகிறது. ஜப்பானில் த்சுஷிமாவிலும் தனேகஷிமாவிலும் உள்ள சில ஷிண்டோ கோயில்களுக்காகச் செந்நெல் இன்றும் தனியே பயிரிடப்படுகிறது. ஊரெல்லாம் வெள்ளை அரிசி உண்டாலும் தெய்வத்துக்குச் சிவப்புத்தான். மணிப்பூரின் சக்ஹாவோவும் செட்டிநாட்டுக் கவுனியும் விருந்துக்கும் மங்கலத்துக்கும் உரிய கறுப்பு அரிசிகள். கறுப்பின் மரபுக்கதையும் வேடிக்கையானது: நான்காம் குரோமோசோமில் ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் டி.என்.ஏ. இடம்மாறிப் புகுந்ததால், தவிட்டில் பேசாதிருந்தது பேசத் தொடங்கியது என்று 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். வெள்ளைக்கும் கறுப்புக்கும் காரணம் இத்தகைய எழுத்துப் பிறழ்வுகளே. இவற்றின் மேல் உயர்வு தாழ்வை ஏற்றியவர்கள் நாம்தான். கோதுமை இன்னொரு பாடம் தருகிறது. ஸ்வீடனின் ஸ்வாலாஃப் பயிர்ப் பெருக்க நிலையத்தில் நில்சன்-ஏலே 1909இல் வெளியிட்ட ஆய்வின்படி, கோதுமைமணியின் சிவப்புக்கு மூன்று தனித்தனி மரபணுக்கள் காரணம். ஏதாவது ஒன்று இருந்தாலும் சிவப்பு வரும். மூன்றும் கலந்த பயிரின் வழித்தோன்றல்களில் 64க்கு ஒன்றுதான் வெள்ளை. மூன்றுக்கும் மூன்று என்று மும்மலத்தோடு பொருத்திப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அந்த ஆசையை அடக்க வேண்டும். எண் ஒத்துப்போவது வாதமாகாது. கொள்ளத்தக்கது வேறு: கண்ணுக்கு ஒரே சிவப்பாகத் தெரியும் மணிகள் உள்ளே ஒன்றையோ இரண்டையோ மூன்றையோ சுமக்கின்றன. வெளியே தெரிவதை வைத்து உள்ளே சேர்ந்திருப்பதைக் கணக்கிட முடியாது. ஒருவரின் பிறப்பையும் உடலையும் நோயையும் பார்த்து அவருடைய முன்வினையை வாசித்துவிடுகிறவர்கள் செய்யும் தவறு இதுதான்.

இங்கே மக்காச்சோளத்தைக் காட்டி ஒருவர் மடக்கலாம். அதன் ஒரே கதிரில் மஞ்சளும் ஊதாவும் வெள்ளையும் கலந்த மணிகள் இருக்கும். ஊதா நிறம் கருவூணின் மேலடுக்கில் உண்டாகிறது; கருவூணோ புதிய தலைமுறை. அங்கே நிறம் தாயின் போர்வையன்று, மணியின் சொந்தம். நெல்லை எடுத்துக்கொண்டு மக்காச்சோளத்தை விட்டுவிட்டது வசதிக்காகவா? இல்லை. உடன்பிறந்ததெல்லாம் இயல்பன்று என்று காட்ட நெல் போதும். எல்லாத் தானியமும் நெல்லைப் போல இருந்தாக வேண்டும் என்று வாதம் கேட்கவில்லை. அதோடு மக்காச்சோளத்திலும் நிறம் முழுச் செய்தியைச் சொல்வதில்லை. நிறம் தாங்கும் கருவூண் அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. முளைக்கு உணவாகித் தீர்ந்துவிடும். 1940களில் பார்பரா மெக்லின்டாக் அந்த மணிகளின் புள்ளிகளையும் கீற்றுகளையும் பின்தொடர்ந்துதான், நிற மரபணுவுக்குள் ஒரு துண்டு புகுந்தால் நிறம் அடங்குவதையும் அது விலகினால் நிறம் மீள்வதையும் கண்டார்; 1983இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. நிறமிழந்த மணியிலும் நிறத்துக்கான மரபணு இருக்கவே இருந்தது.

அருளாளன் ஏன் இந்த உறையை இவ்வளவு காலம் விட்டுவைக்க வேண்டும் என்பது எதிரணியின் கடைசி ஆயுதம். மலம் அழுக்கு, இறைவன் எல்லாம் வல்லவன். ஒரே நொடியில் உரித்துவிடலாமே? சிவப்பு மரபணு இதற்கும் ஒரு சான்று வைத்திருக்கிறது. களையாக வளரும் செந்நெல்லின் மணிகள் மண்ணில் விழுந்தாலும் உடனே முளைப்பதில்லை. அந்த உறக்கத்துக்குக் காரணமான மரபணுக்களில் ஒன்றைத் தேடிப் போனவர்கள் 2011இல் வந்து நின்ற இடம் அதே ஆர்.சி. மணி உருவாகும் தொடக்க நாட்களில் அது அப்சிசிக் அமிலத்தைக் கூட்டி விதையை உறங்கவைக்கிறது. நிறத்தையும் உறக்கத்தையும் தருவது ஒரே மரபணு. கோதுமையிலும் வெள்ளை ரகங்கள் அறுவடைக்கு முன் மழை பிடித்தால் கதிரிலேயே முளைத்துவிடும்; சிவப்பு ரகங்கள் பெரும்பாலும் தாங்கும். மறைக்கும் உறைதான் காலம் வரும்வரை காக்கவும் செய்கிறது. படைத்தல், காத்தல், அழித்தல், அருளல் ஆகியவற்றோடு மறைத்தலையும் இறைவனின் ஐந்தொழிலில் ஒன்றாக வைத்த சித்தாந்தம், அந்த மறைப்பையும் அருளின் செயல் என்றே கொண்டது. உமாபதி சிவத்தின் திருவருட்பயன் மாயையை விடியும்வரை உதவும் விளக்காகக் காண்கிறது. மலம் பக்குவப்படும்வரை காத்திருத்தல் என்ற கருத்து இறைவனின் கையாலாகாத்தனத்துக்குச் சொன்ன சமாதானம் அன்று. பக்குவம் வருமுன் உறை போனால் என்ன ஆகும் என்பதற்கு மழையில் முளைத்த கதிரே சான்று. விதை உறக்கம் பயிர் பிழைப்பதற்காக, வீடுபேற்றுக்காக அன்று என்று உயிரியலார் சொல்லலாம். உண்மைதான். இங்கே நிறுவப்படுவது, மறைப்பும் நன்மையும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்ற அளவு மட்டுமே; துன்பத்தின் ஒவ்வொரு வடிவத்துக்கும் இது நியாயம் கற்பிக்காது, கற்பிக்கவும் கூடாது.

உவமையைக் கொண்டு உண்மையை நிறுவ முடியுமா என்ற பொது ஐயத்துக்கும் இந்த அளவே விடை. நெல்லில் தவிடு இருப்பதால் உயிருக்கு மலம் இருக்கிறது என்று யாரும் முடிவுகட்ட முடியாது; மரபணு ஆய்வு சைவத்துக்குச் சான்றிதழ் வழங்குவதும் இல்லை. ஆணவம் உண்டு என்பதற்குச் சான்றை ஒவ்வொருவரும் தம் அறியாமையிலும் அகங்காரத்திலும்தான் தேட வேண்டும். நெல் செய்வது, அப்படி ஒன்று இருக்கவே இயலாது என்ற தருக்கத் தடையை விலக்குவது. அந்தத் தடை விலகிய பிறகு எஞ்சுவது ஒரே ஒரு நெருடல். உயிரியல் பார்வையில் மணிக்குள் வாழ்கிற தனி உயிர் முளைதான். அரிசி அதன் உணவு. சித்தியாரோ முளையை மலத்தின் பக்கம் வைத்து, அரிசியை உயிரின் இடத்தில் வைக்கிறது. தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இந்தத் தலைகீழில்தான் அந்நெறி எதைக் கட்டு என்று கருதுகிறது என்பது விளங்குகிறது. முளைப்பது என்றால் இன்னொரு பிறவி, இன்னொரு உமி, இன்னொரு தவிடு. சிவப்பு மணியானாலும் வெள்ளை மணியானாலும் தன் முயற்சியால் செய்துகொள்ளக்கூடியது அது ஒன்றே. தன்னைத் தானே குத்திக்கொண்டு அரிசியான நெல் எங்கும் இல்லை. அதற்கு வேறொருவர் கை வேண்டும். நல்ல பிறப்பும் நல்ல நிறமும் அந்தக் கையின் தேவையைக் குறைப்பதில்லை, கரிய தோல் அதைக் கூட்டுவதும் இல்லை. சித்தாந்தம் விடுதலையைத் தகுதிக்குக் கிடைக்கும் பரிசாக வைக்காமல் அருளாக வைத்ததற்கு, அதன் சொந்த உவமைக்குள்ளேயே காரணம் இருக்கிறது.